தளர விட்டால் கிழியும்

ரப்பர் எதனால் கெடுகிறது என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. போட்டு உழைத்து உழைத்துத்தான் கெடுகிறது என்பது முதல் கட்சி. உழைக்காமல் சும்மா கிடந்தால்தான் கெடும் என்பது இரண்டாவது. குக்கர் கேஸ்கெட், செருப்பு வார், கிரைண்டர் பெல்ட், டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி என்று எதை எடுத்தாலும் இரண்டு கட்சிக்கும் சாட்சி கிடைக்கும். நான் படித்த படிப்பு என்னை முதல் கட்சியில் சேர்த்திருந்தது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் உலோகச் சோர்வு பற்றி ஒரு பாடம் வரும்: ஒரு தடவை வளைத்தால் உடையாத கம்பி, ஆயிரம் தடவை வளைத்தால் உடையும், ஒவ்வொரு வளைப்பும் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, தவிர, அந்தக் கம்பியின் மேல் நிரந்தரமாக ஒரு இழுவை இருந்தால் ஆயுள் இன்னும் குறையும். தேர்வுக்கு மனப்பாடம் செய்தது என்றாலும், பிறகு எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் மனம் அந்தக் கணக்கைத்தான் போடும்.

அந்தக் கணக்கு அப்பாவின் காரில் இடித்தது. ஓய்வு பெற்ற பிறகு அப்பா வண்டியை எடுப்பது டாக்டரிடம் போகவும் கல்யாணங்களுக்கும் மட்டும்தான். மீதி நாளெல்லாம் போர்டிகோவில் நிற்கும். அதே மாடல் காரை நான் தினமும் வேலைக்கு ஓட்டுகிறேன். கிலோமீட்டர் பல மடங்கு கூடுதல். முன்சக்கரத்தில் தடதடவென்று சத்தம் வந்தது அப்பாவின் வண்டியில். லோயர் ஆர்ம் புஷ் போய்விட்டது. இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ரப்பரை ஒட்டி வைத்த சிறு சாமான் அது. சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் நடுவில் உள்ள ரப்பர் முறுகி முறுகித் திரும்பும். என் வண்டியின் புஷ் ஜம்மென்று இருந்தது. கோவையில் எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் கழற்றிய புஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டு, “நின்னுட்டு இருக்கற வண்டிக்குத்தானுங்க ரப்பர் போகும். ஓடற வண்டியில நல்லாத்தானுங்க இருக்கும்” என்றார். அதெப்படிங்கண்ணா, ஓட ஓடத்தானே தேயும் என்றேன். “இரும்புக்குத் தேயும். ரப்பருக்கு வேற கணக்குங்க தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குக் கீழே போய்விட்டார்.

வயதாகிவிட்டது, காய்ந்துவிட்டது என்று ஏதாவது ஒரு பொதுப்பதில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். வேறு கணக்கு என்று சொன்னதுதான் விடவில்லை. அந்தக் கணக்கு என்ன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் அவர் சொன்னது பாதி சரி. ஆனால் அந்தப் பாதி சரியானதற்கான காரணம், அவரும் நானும் நினைத்த பக்கத்திலேயே இல்லை.

விரிசல் முதல் நாளே இருக்கிறது

புது ரப்பர் சாமானில் விரிசல் இல்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் கரித்தூள் சரியாகக் கலக்காத ஒரு கட்டி, தூசி, அச்சின் ஓரத்தில் விழுந்த கீறல் என்று ஏதாவது ஒன்று விரிசலின் வேலையைச் செய்யத் தயாராக உள்ளே இருக்கும். பரிசோதனைகளில் கிடைத்த ஆயுளை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அந்தத் தொடக்கக் குறையின் அளவு 25 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, என்ற அளவில் வந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆகவே விரிசல் எப்படித் தோன்றுகிறது என்பதைவிட, இருக்கும் விரிசல் என்ன வேகத்தில் வளர்கிறது என்பதே கேள்வி.

1953-இல் ரொனால்ட் ரிவ்லினும் ஆலன் தாமஸும் இதற்கு ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். இழுத்துப் பிடித்த ரப்பருக்குள் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. விரிசல் கொஞ்சம் நீண்டால் அதைச் சுற்றியுள்ள பகுதி தளர்ந்து, அந்த ஆற்றலில் ஒரு பங்கு விடுபடும். புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்புக்கும் எத்தனை ஜூல் விடுபடுகிறது என்பதுதான் கிழிப்பு ஆற்றல். சாமானின் வடிவம் என்னவாக இருந்தாலும் இந்த ஒரு எண்ணை வைத்தே விரிசலின் போக்கைச் சொல்லிவிடலாம். 1958-இல் தாமஸ், திரும்பத் திரும்ப இழுக்கும்போது ஒவ்வொரு தடவையும் விரிசல் எவ்வளவு வளர்கிறது என்று அளந்தார். இயற்கை ரப்பரில் அது ஏறத்தாழ கிழிப்பு ஆற்றலின் வர்க்கத்துக்கு ஏற்ப இருந்தது. உலோகங்களுக்கு இதே வகை விதியைப் பால் பாரிஸ் முன்வைத்தது 1960களின் தொடக்கத்தில்தான். ரப்பர்காரர்கள் முந்திக்கொண்டார்கள் என்பது எங்கள் கல்லூரிப் பாடத்தில் இல்லை.

இந்த வேலை நடந்தது இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில், பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர்கள் 1938-இல் தொடங்கிய ஆய்வுச் சங்கத்தில். அதற்கான பணத்தில் பெரும் பங்கு மலேயா ரப்பரின் மீது வசூலித்த செஸ். மலேயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதி யார் என்று தமிழில் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரிசல் பற்றிய உலகின் முதல்தரமான ஆராய்ச்சிக்கு அவர்கள் சீவிய மரமும் படியளந்திருக்கிறது. எந்தக் கட்டுரையின் நன்றியுரையிலும் அது வராது.

வர்க்க விதியை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். விரிசல் நீள நீளக் கிழிப்பு ஆற்றலும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆகவே விரிசல் இரு மடங்கானால் வளரும் வேகம் நான்கு மடங்கு. ஒரே சீராக இழுபடும் ரப்பர் துண்டில் 25 மைக்ரான் விரிசல் 50 மைக்ரான் ஆவதற்குள் மொத்த ஆயுளில் பாதி தீர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் ஆகி நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்போது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் கழிந்திருக்கும். “லேசா வெடிப்பு விட்டிருக்கு, இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்று நாம் சொல்லும் அந்தக் கொஞ்ச நாள், கணக்குப்படி உண்மையிலேயே கொஞ்ச நாள்தான்.

செயற்கை ரப்பரில் அதிகம் புழங்கும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன் வகையில், சுருக்கமாக எஸ்பிஆரில், வர்க்கத்துக்குப் பதில் நான்காம் அடுக்கு. வேகம் அதைவிடக் கடுமையாக ஏறும். அதனால் ஆரம்பக் குறையைப் பாதியாக்கினால் இயற்கை ரப்பரின் ஆயுள் இரு மடங்கு கூடும் இடத்தில், எஸ்பிஆரின் ஆயுள் எட்டு மடங்கு கூடும். திருப்பிச் சொன்னால், கலவை அறையில் கொஞ்சம் அசிரத்தையாக இருந்தாலும் இயற்கை ரப்பர் பொறுத்துக்கொள்ளும், எஸ்பிஆர் பொறுக்காது. வெப்பத்திலும் இதே குணம்தான். கரித்தூள் சேர்க்காத எஸ்பிஆரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோனால் சோர்வு ஆயுள் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. இயற்கை ரப்பரில் அது நான்கில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. இரண்டும் கறுப்பாக, இரண்டும் இழுத்தால் நீளும் சாமான்தான். ஒன்றுக்கு மட்டும் எங்கிருந்து இந்தப் பொறுமை வந்தது?

1940, கேட்வெல்

இங்கேதான் நான் வெகுநேரம் நின்றேன். அமெரிக்காவின் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனியில் சிட்னி கேட்வெல்லும் கூட வேலை பார்த்த மெரில், ஸ்லோமன், யோஸ்ட் ஆகியோரும் 1940-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். செய்தது எளிய காரியம். ரப்பர் மாதிரிகளை இயந்திரத்தில் மாட்டி, கிழியும் வரை இழுத்து இழுத்து விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை மாற்றாமல், எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் மாற்றினார்கள். ஒரு மாதிரி ஒவ்வொரு தடவையும் முழுக்கத் தளர்ந்து, மறுபடி இழுபடும். இன்னொரு மாதிரி முழுக்கத் தளரவே தளராது. ஏற்கெனவே இழுபட்ட நிலையிலிருந்து இன்னும் கொஞ்சம் போய், பழைய இழுபட்ட நிலைக்கே வரும்.

நான் படித்த பாடத்தின்படி இரண்டாவது மாதிரி சீக்கிரம் போக வேண்டும். அது அனுபவிக்கும் உச்ச இழுவை அதிகம், சராசரி இழுவை அதிகம், ஓய்வு என்பதே இல்லை. உலோகமாக இருந்தால் அப்படித்தான் போகும். இயற்கை ரப்பரில் தலைகீழ். முழுக்கத் தளர்ந்து தளர்ந்து இழுபட்ட மாதிரிதான் முதலில் கிழிந்தது. தளராமல் பிடித்து வைத்தது பல மடங்கு நீடித்தது. குறைந்தபட்ச இழுவையைக் கூட்டக் கூட்ட ஆயுளும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் அறுபடும் எல்லையை நெருங்கும்போதுதான் சரியத் தொடங்கியது. படம் போட்டால், இழுவை பூச்சியமாகும் இடத்தில் ஒரு பள்ளம். அதற்கு அப்பால் மேடு. மேட்டுக்கு அப்பால் சரிவு.

ஏன்? இதன் முதல் துப்பு அதற்கும் நூறாண்டுக்கு மேல் பழையது. ஜான் கஃப் என்பவர் இங்கிலாந்தின் கெண்டலில் வாழ்ந்த பார்வையற்ற இயற்கையியலாளர். அகலமான ரப்பர் பட்டையை உதட்டில் ஒட்ட வைத்துச் சட்டென்று இழுத்தால் சூடு தெரிகிறது, தளர விட்டால் குளிர்கிறது என்று 1805-இல் எழுதினார். உதடு கையைவிட நுட்பமானது. நீங்களும் இப்போதே ஒரு நல்ல ரப்பர் பேண்டை வைத்துப் பார்க்கலாம். இழுக்கும்போது வரும் சூட்டுக்குப் பெரும் காரணம், உரித்துப்போட்ட தேங்காய் நார் மாதிரி சுருண்டு கிடந்த மூலக்கூறுகள் ஒரே திசையில் நீண்டு அடுக்கப்படுவது. இரண்டாவது காரணத்தை 1925-இல் யோஹான் காட்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி எக்ஸ்ரேயில் பார்த்தார். தளர்ந்த ரப்பரை எக்ஸ்ரேயில் வைத்தால் மங்கலான வளையம். நன்றாக இழுத்து வைத்தால் தனித்தனிப் புள்ளிகள். உப்பிலும் உலோகத்திலும் தெரிகிற மாதிரிப் புள்ளிகள். இழுபட்ட ரப்பர் உள்ளுக்குள் படிகமாகிறது. தளர விட்டால் படிகம் உருகி மறைகிறது.

சாதாரண வெப்பநிலையில் ரப்பர் தன் நீளத்தைப்போல் நான்கைந்து மடங்கு நீண்டால்தான் இந்தப் படிகம் தெரிய ஆரம்பிக்கும். நம் புஷ்ஷோ பெல்ட்டோ அந்த அளவு ஒருபோதும் நீள்வதில்லை. ஆனால் விரிசலின் முனை வேறு உலகம். மொத்தச் சாமானும் கொஞ்சமாக நீளும்போதே அந்த மிகச் சிறிய இடம் பல மடங்கு நீள்கிறது. அங்கே மட்டும் படிகம் பிறக்கிறது. அது ரப்பரைவிட எத்தனையோ மடங்கு கடினம். விரிசல் அதில் முட்டி நிற்கிறது, அல்லது பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. எங்கே கிழியப் பார்க்கிறதோ அங்கேயே, கிழியப் பார்க்கும் அந்த நொடியிலேயே, இயற்கை ரப்பர் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. எஸ்பிஆரின் மூலக்கூறில் ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் ஒழுங்கில்லாமல் மாறி மாறி வருவதால் எவ்வளவு இழுத்தாலும் அது படிகமாக அடுக்கப்படாது. முன்னே கேட்ட பொறுமையின் ஊற்று இதுதான்.

இப்போது கேட்வெல்லின் பள்ளத்தைப் பாருங்கள். முழுக்கத் தளர விட்டால் விரிசல் முனையில் இருந்த படிகம் உருகிப்போகிறது. அடுத்த இழுப்பில், புதுப் படிகம் பிறப்பதற்கு முன் விரிசலுக்கு ஒரு சின்ன அவகாசம் கிடைக்கிறது. அதில் இம்மியளவு முன்னேறுகிறது. மறுபடி தளர்வு, மறுபடி அவகாசம். முழுக்கத் தளர விடாவிட்டால் முனையில் படிகம் அழியாமலே இருக்கிறது. விரிசல் முட்டிய இடத்திலேயே கிடக்கிறது. நான் ஆயுளைத் தின்பது இழுப்பு என்று நினைத்திருந்தேன். இயற்கை ரப்பரில் ஒவ்வொரு தடவையும் பூட்டைத் திறந்துவிடுவது தளர்வு.

இதைக் கேட்ட என் நண்பர் ஒருவர் உடனே வாழ்க்கைக்குப் பொருத்தி, ‘மனிதனும் அப்படித்தான், அழுத்தம் இருந்தால்தான் நிலைப்பான்’ என்று ஆரம்பித்தார். காலை வணக்கத்தோடு வாட்சப்பில் அனுப்ப ஏற்ற வாசகம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதனுக்கு விரிசல் முனையில் படிகம் பிறப்பதில்லை. தவிர, இந்தச் சட்டம் எல்லா ரப்பருக்குமே பொருந்தாது. எஸ்பிஆர் தத்துவம் வேறு, அதைச் சொன்னால் நண்பர் வருத்தப்படுவார்.

நிற்கும் வண்டியின் எதிரி

ஆனால் கேட்வெல்லை முழுசாக நம்பினால் மெக்கானிக் அண்ணன் சொன்னது அப்படியே தப்பாகிவிடும். நிற்கும் வண்டியில் எதுவும் இழுபட்டுத் தளர்வதே இல்லை. எல்லாம் ஒரே நிலையில் பிடித்து வைத்தபடி இருக்கிறது. அதுதான் ஆயுளுக்கு நல்லது என்று இப்போதுதானே பார்த்தோம். அப்படியிருக்க அப்பாவின் வண்டி புஷ்ஷில் எப்படி அத்தனை விரிசல்?

புஷ்ஷை வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஒரு ஆழமான கிழிசல் இருந்தது. அதைச் சுற்றி, காற்றுப் படும் வெளி விளிம்பில் மட்டும், இழுபட்ட திசைக்குக் குறுக்கே வரிசையாக நிறைய மெல்லிய வெடிப்புகள். இது ஓசோனின் கையெழுத்து. நாம் மூச்சு விடும் காற்றில் பத்துக் கோடிப் பங்குக்குச் சில பங்கு ஓசோன் இருக்கும். அதுவே ரப்பருக்குப் போதும். இயற்கை ரப்பரின் முதுகெலும்பில் வரிசையாக இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஓசோன் நேராகப் போய் அவற்றை வெட்டுகிறது. ரப்பர் தளர்ந்து கிடந்தால் மேல்தோலோடு காரியம் முடிந்துவிடும். லேசாக இழுபட்டிருந்தால், வெட்டிய இடம் விலகித் திறந்து அடுத்த மூலக்கூறைக் காட்டிக்கொடுக்கும், அதையும் வெட்டும்.

எவ்வளவு லேசாக என்பதுதான் பயங்கரம். ஓசோன் இல்லாமல் வெறும் இழுப்பால் மட்டும் விரிசல் வளர வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 ஜூல் கிழிப்பு ஆற்றலாவது வேண்டும் என்று லேக், லிண்ட்லி என்ற ஆய்வாளர்கள் 1960களில் கண்டார்கள். அதற்குக் கீழே எத்தனை லட்சம் தடவை இழுத்தாலும் இழுப்பு விரிசலை நகர்த்தாது. ஏன் 50 என்பதையும் லேக்கும் தாமஸும் 1967-இல் விளக்கினார்கள். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பூட்டி வைப்பவை குறுக்குப் பிணைப்புகள். அப்படி இரண்டு பிணைப்புகளுக்கு இடையே உள்ள சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி அறுந்தாலும், அறுவதற்கு முன் அதன் எல்லாக் கண்ணிகளும் சேர்ந்து இழுபட்டிருக்க வேண்டும். அவ்வளவு ஆற்றலும் அந்த ஒரு அறுப்பில் வீணாகிறது. ரப்பரின் உறுதியே அந்த வீண்செலவில் இருக்கிறது. ஓசோனுக்கு அந்தச் செலவு இல்லை. அது ரசாயனமாக வெட்டுவதால், பாதுகாப்புப் பொருள் சேர்க்காத ரப்பரில் சதுர மீட்டருக்கு 0.1 ஜூல் இருந்தாலே விரிசல் நகர்கிறது. ஐந்நூறில் ஒரு பங்கு!

ஆக ரப்பருக்கு இரண்டு எதிரிகள். இரண்டும் நேர் எதிரான சந்தர்ப்பங்களுக்காகக் காத்திருக்கின்றன. சோர்வு, தளர விடும் நேரத்துக்காக. ஓசோன், தளராமல் பிடித்து வைத்த இடத்துக்காக. அண்ணனின் கட்சியும் என் கட்சியும் சண்டை போட்டது இரண்டு வெவ்வேறு சாவுகளைப் பற்றி.

நிற்கும் வண்டியில் புஷ் இழுபட்டு இருக்க வேண்டிய அவசியமே கிடையாது என்பது தனிக் கதை. இந்த வகை ஒட்டுப் புஷ்ஷைப் போடும்போது, போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டி நான்கு சக்கரத்திலும் நின்று தன் எடையைத் தாங்கும் நிலையில்தான் இருக்க வேண்டும். அப்போது ரப்பர் முறுகாத நிலையில் பூட்டப்படும். ஜாக்கியிலோ லிஃப்டிலோ தூக்கி வைத்துச் சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையில் நிற்கும்; நின்றபடியே இருக்கும். கேட்வெல்லின் கணக்கில் அது நல்லதுதானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. அவருடைய படத்தில் மேட்டுக்கு அப்பால் சரிவும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. புஷ்ஷின் விளிம்பில், இரும்போடு ரப்பர் ஒட்டும் இடத்தில், முறுக்கு மற்ற இடங்களைவிடப் பன்மடங்கு. வண்டி சாலைப் பள்ளத்தில் விழும்போது அந்த இடம், கேட்வெல்லின் படத்தில், மேட்டைத் தாண்டிச் சரிவுக்குப் போய்விடும். மீதி நேரமெல்லாம் அதே விளிம்பு ஓசோனுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பழைய வண்டிகளில் ஒரு தடவை புஷ் மாற்றியதும் அடுத்த தடவை சீக்கிரமே வருவதற்கு, உதிரி பாகம் டூப்ளிகேட் என்பதைவிட இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

அமுக்கி வைத்தால்

இரண்டு எதிரிகளையும் ஒன்றாக ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. இழுக்காமல் அமுக்குவது. தடித்த ரப்பரை எடை வைத்து அமுக்கினால் விரிசல் திறக்க வழியில்லை. ஓசோனால் திறந்த வாய் இல்லாமல் உள்ளே இறங்க முடியாது. எடை நீங்காத வரை முழுத் தளர்வும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1889-இல் கட்டிய ரயில் மேம்பாலத்தில் வைத்த இயற்கை ரப்பர் பட்டைகளை ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிறகு ஆராய்ந்தபோது, மேல்தோலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் கெட்டிருந்தது. உள்ளே நல்ல ரப்பர். 1889 என்றால் ஓசோன் தடுப்பு ரசாயனம் எதுவும் கிடையாது. கெட்டுப்போன மேல்தோலே உள்ளே இருப்பதற்குக் கவசமாகிவிட்டது.

1966-இல் லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் பாதாள ரயில் நிலையத்துக்கு மேலே ஆல்பனி கோர்ட் என்ற அடுக்குமாடியையே ரப்பர் திண்டுகளின் மேல் கட்டினார்கள், ரயிலின் அதிர்வு வீடுகளுக்குள் ஏறாமல் இருக்க. நம் நாட்டில் 2001 பூகம்பத்தில் இடிந்த பூஜ் மாவட்ட மருத்துவமனையைத் திரும்பக் கட்டும்போது, நடுவில் ஈயம் வைத்து இரும்புத் தகடும் ரப்பரும் மாறி மாறி அடுக்கிய தாங்கிகளின் மேல் நிறுத்தினார்கள். பூகம்பம் வரும் சில நொடிகள்தான் அந்த ரப்பருக்குப் பெரிய வேலை. மற்ற நாளெல்லாம் மருத்துவமனையின் எடைக்கு அடியில் அமுங்கிக் கிடக்கும். காரின் இன்ஜின் மவுன்டிங்கும் இதே யோசனைதான். இன்ஜின் எடையால் ரப்பர் எப்போதும் அமுங்கியே இருக்கும்படி வடிவமைப்பார்கள். அதிர்வு எத்தனை வந்தாலும் அது அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்குமே தவிர, பூச்சியத்தைத் தாண்டி இழுவைப் பக்கம் போக விடாது.

டயரால் முடியாதது

டயருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடம் நசுங்கி, பக்கச் சுவர் பிதுங்கி, மறுபடி நிமிர வேண்டும். கார் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் போகும் என்றால் கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்று. நாற்பதாயிரம் கிலோமீட்டரில் இரண்டு கோடி. உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைகளின் வெட்டு விளிம்புதான் விரிசலுக்குப் பிடித்த இடம். அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது அந்த விளிம்பில் தொடங்கிய பிரிவால்தான். ஓடும்போதே மேல்பட்டை உரிந்து வந்தது. புகார்கள் குவிந்தவை அரிசோனா, டெக்ஸாஸ், ஃப்ளோரிடா மாதிரியான வெயில் மாநிலங்களில். காற்று குறைந்தால் வளைவு கூடும், வளைவு கூடினால் சூடு கூடும், சூட்டில் விரிசலின் வேகம் கூடும். பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கச் சோம்பல்படுகிறவர்கள் மைலேஜ் மட்டும்தான் குறையும் என்று நினைக்கிறார்கள்.

தேய்மானமும் பெரும்பாலும் இதே விரிசல் கதைதான். வெல்வின் ஆய்வகத்தில் அடால்ஃப் ஷாலமாக், உராய்ந்து தேயும் ரப்பரின் மேல் உராய்வின் திசைக்குக் குறுக்கே வரிசையாக மேடு விழுவதை 1950களில் ஆராய்ந்தார். ஒவ்வொரு மேடும் ஒரு சிறு நாக்கு. உராயும்போதெல்லாம் நாக்கு இழுபட்டு அடியில் விரிசல் வளர, ஒரு நாள் நாக்கு அறுந்து தூளாகப் போகிறது. நம் டயரின் மேல்பட்டை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையில் விழுகிறது.

அந்தத் தூளில் இன்னொன்றும் போகிறது. டயரை ஓசோனிடமிருந்து காக்க மெழுகும் 6பிபிடி என்ற ரசாயனமும் கலக்கிறார்கள். மெழுகு மேலே கசிந்து மெல்லிய படலமாக மூடும். வண்டி நிற்கும் வரைக்கும் அது போதும், ஓடினால் படலம் உடைந்துவிடும். ஓடும்போது காப்பது 6பிபிடி. உள்ளிருந்து மெதுவாக மேலே வந்து, ரப்பரை முந்திக்கொண்டு ஓசோனோடு சேர்ந்து தன்னை அழித்துக்கொள்ளும். அப்படி அழிந்து என்னவாகிறது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில் முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்து சாலைத் தண்ணீர் ஓடையில் இறங்கியதும் சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2020 டிசம்பரில் ஸென்யூ தியான், எட்வர்ட் கொலோட்ஸீ குழுவினர் காரணத்தை அறிவித்தார்கள்: 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் 6பிபிடி-குயினோன். லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே கோஹோ சாகிறது. பக்கத்து உறவான சம் சால்மனுக்கு அந்த அளவில் ஒன்றும் ஆவதில்லை.

கலிபோர்னியா 2023 அக்டோபரிலிருந்து 6பிபிடி உள்ள வாகன டயர்களைத் தன் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்து, மாற்று என்ன என்று ஆராய்ந்து சொல்லும்படி டயர் கம்பெனிகளைக் கேட்டிருக்கிறது. கேட்பது எளிது. ஓசோனோடு ரப்பரைவிட வேகமாகச் சேர வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே சீராக மேலே வந்துகொண்டிருக்க வேண்டும். கந்தகம் போட்டு ரப்பரை வேகவைக்கும்போது குறுக்கே நிற்கக் கூடாது. அழிந்து என்னவாகிறதோ அது மீனைக் கொல்லக் கூடாது. இவ்வளவு தொல்லை எதற்கு, இரட்டைப் பிணைப்பே முதுகெலும்பில் இல்லாத ஈபிடிஎம் ரப்பரில் டயர் செய்துவிடலாமே என்றால், கார் கதவின் ஓரப் பட்டைக்கு அது பிரமாதம். பல ஆண்டு வெயிலில் கிடந்தாலும் வெடிக்காது. ஆனால் டயரின் மற்ற அடுக்குகளோடு சரியாக ஒட்டாது. விரிசல் முனையில் இயற்கை ரப்பர் மாதிரிப் படிகமாகிக் காக்கவும் தெரியாது. ஓசோன் வெட்டும் அந்த இரட்டைப் பிணைப்புதான் மூலக்கூறை ஒரே பக்கமாக வளைத்து வைத்து, இழுக்கும்போது ஒழுங்காக அடுக்கவும் விடுகிறது. அதை எடுத்துவிட்டால் படிகமும் போகும். ஆகவே ரசாயனக்காரர்கள் ரப்பரில் கை வைக்காமல், 6பிபிடியின் இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.